முதல் சிந்தசைசர் வாங்குவது எப்படி: குறைந்த பட்ஜெட்டில், வரிசை தவறாமல்

"இருபதாயிரம் இருக்கு, எந்த சிந்த் வாங்கலாம்?" புதிதாக வருபவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். மாடல் பெயர் இந்த வேலையில் கடைசியாக வர வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் நாலைந்து கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று கருவிகளாகச் சுருங்கிவிடும். தெரியாமல் போனால், கடையில் அன்றைக்கு எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் வீட்டுக்கு வரும்.

முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை மூன்று: ஒரு லேப்டாப் (சுமாரானதே போதும்), வயர் உள்ள ஹெட்ஃபோன், ஒரு நோட்டு. புளூடூத் ஹெட்ஃபோன் இதற்கு ஆகாது. கட்டையை அழுத்துவதற்கும் சத்தம் காதில் விழுவதற்கும் நடுவில் தாமதம் வரும், தாளம் நிற்காது.

1. தேடுவது சிந்த்தா, கீபோர்டா?

நம் ஊரில் கீபோர்டு என்றால் யமஹா பிஎஸ்ஆர், கேசியோ சிடி வகைதான் பெரும்பாலும். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று நூற்றுக்கணக்கான ஒலிகள் தயாராக இருக்கும். இடது கையால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) பிடித்தால் தாளமும் பேஸும் கூடவே ஓடும். கச்சேரி மேடை, சர்ச் கொயர், வீட்டில் பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அதுதான் பொருத்தம்.

சிந்த்தில் ஒலியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். ஆசிலேட்டர் ஓர் அலையைத் தருகிறது. ஃபில்டர் அதன் கூர்மையைச் சீவிவிடுகிறது. அந்தச் சத்தம் எப்படி எழுந்து எப்படி அடங்க வேண்டும் என்பதை என்வலப் பார்த்துக்கொள்கிறது. எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை இவற்றில் ஒன்றை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். விலை குறைந்த சிந்த் பலவற்றில் நம்பும்படியான பியானோ இருக்கவே இருக்காது. தபேலாவும் இருக்காது. ஸ்பீக்கர்கூட பலவற்றில் கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் "இதுல ஃப்ளூட் எங்க இருக்கு?" என்று கேட்பவர்கள் இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள்.

நோட்டில் உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் உங்களை இழுத்த ஒலி எது என்று பக்கத்தில் குறியுங்கள். பியானோ, தந்தி வாத்தியம், குழல் என்றே வந்தால் நல்ல கீபோர்டு வாங்குங்கள். இந்தியாவுக்கென்றே யமஹா கொண்டுவந்த பிஎஸ்ஆர்-ஐ500 மாதிரியான 61 கட்டைக் கருவியில் நம் ஊர் ஒலிகளும் பெண்ட் சக்கரமும் (ஒலிக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைப்பது) உண்டு. உறுமும் பேஸ், மெல்ல விரிந்து பரவும் ஒலி, இழுத்து நெளியும் தனி மெட்டு, தம்புரா மாதிரி விடாமல் நிற்கும் ரீங்காரம் என்று வந்தால் அடுத்த படிக்கு வாருங்கள்.

2. காசு கொடுக்கும் முன் கணினியில் பழகுங்கள்

இதைத் தாண்டிப் போக வேண்டாம். செலவு ஒன்றும் இல்லை.

ஏபிள்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் சிந்த்ஸ்' இணையப் பக்கத்தில் தொடங்குங்கள். பிரவுசரிலேயே ஓடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஃபில்டர் என்றால் என்ன, என்வலப் என்றால் என்ன என்பதைக் காதால் கேட்டே புரிந்துகொள்ளலாம். அதை முடித்ததும் சர்ஜ் எக்ஸ்டி அல்லது வைட்டல், இரண்டில் ஒன்றை இறக்குங்கள். சர்ஜ் எக்ஸ்டி திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம். வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு இருக்கிறது. இரண்டுமே தனி மென்பொருளாக ஓடும். தட்டச்சுப் பலகையையே கட்டைகளாக வைத்து வாசித்துப் பார்க்கலாம்.

விண்டோஸ் லேப்டாப்பில் சத்தம் தாமதமாக வந்தால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலியைத் தாமதம் குறைவாக அனுப்பும் மென்பொருள்) இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். இலவசமாகக் கிடைக்கும் ஏஎஸ்ஐஓ4ஆல் போட்டு, பஃபர் அளவை (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் நீளம்) 256 சாம்பிளுக்குக் கொண்டுவாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட். டிரைவரும் கருவியும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் கைக்கு உறுத்தாது. சத்தம் வெடித்து வெடித்து வந்தால் 512 ஆக்குங்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒரே பயிற்சி. தயாராக உள்ள ஒலிகள் எதையும் தொடாமல், வெறும் அலையிலிருந்து ஒரு பேஸ், ஒரு பேட், ஒரு லீட் செய்ய வேண்டும். பேஸ் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். பேட் மெதுவாக எழுந்து கட்டையை விட்ட பிறகும் நீளும். லீட் தனி மெட்டுக்கானது.

இந்தப் பயிற்சி உங்களைப் பற்றியே ஒன்று சொல்லிவிடும். நேரம் போவது தெரியாமல் ஃபில்டரை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால் சிந்த் வாங்குங்கள். தயாராக உள்ள ஒலிகளைப் புரட்டுவதிலேயே பொழுது போனது என்றால், 25 கட்டை மிடி கன்ட்ரோலர் (தனக்கென ஒலி இல்லாமல் கணினி ஒலியை வாசிக்க உதவும் கட்டைப் பலகை) ஒன்றும் இந்த இலவச மென்பொருளும் போதும். அக்காய் எம்பிகே மினி, ஆர்ட்டுரியா மினிலேப் இரண்டுமே அதற்குப் பொருந்தும். பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். அதில் தப்பே இல்லை.

3. ஒரே நேரத்தில் எத்தனை சுரம் வேண்டும்?

சிந்த் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெரும்பாலான கீபோர்டுகளில் 32, 48, 64 சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும், அதனால் யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. குறைந்த விலை சிந்த்தில் அது 1, 3, 4 என்று இருக்கும். இதைத்தான் 'வாய்ஸ்' எண்ணிக்கை என்று பெட்டியில் போடுகிறார்கள்.

மோனோ என்றால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். கார்டு பிடித்தால் ஒரே ஒரு சுரம் கேட்கும். பேஸுக்கும் லீடுக்கும் அது போதும். சொல்லப்போனால் லீடுக்கு மோனோதான் அழகு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும்.

பாலிஃபோனிக் என்றால் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி ஃபில்டர், தனி என்வலப். பாராஃபோனிக் என்பது நடுவில் நிற்பது. சுரங்கள் பல கேட்கும், ஆனால் எல்லாம் ஒரே ஃபில்டர் வழியாகத்தான் வெளியே வரும். கோர்க் வோல்கா கீஸில் மூன்று சுரம், ஆர்ட்டுரியா மைக்ரோஃப்ரீக்கில் நான்கு சுரம், இரண்டிலும் ஃபில்டர் ஒன்றுதான். ஒரு கார்டு பிடித்திருக்கும்போதே இன்னொரு விரலை வைத்தால், ஏற்கெனவே ஒலிக்கும் சுரங்களின் தொனியும் சேர்ந்து மாறலாம். சிலருக்கு இது பிடிக்கும், சிலருக்கு எரிச்சலாக இருக்கும். கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

கணக்கு இப்படிப் போடுங்கள். இடது கையில் மூன்று சுரக் கார்டு, வலது கையில் மெட்டு ஒன்று. ஆக நான்கு வாய்ஸ் தீர்ந்தது. பேட் ஒலியில் ரிலீஸ் (கட்டையை விட்ட பிறகு ஒலி அடங்க எடுக்கும் நேரம்) நீளமாக வைத்திருந்தால் பழைய கார்டு இன்னும் அடங்காமல் ஒலிக்கும்போதே புதிய கார்டு வரும். அப்போது ஏழு தேவை. கருவியில் நான்குதான் உண்டென்றால் பழைய சுரங்கள் வெடுக்கென்று வெட்டுப்படும். இரண்டு கையாலும் வாசிப்பது உங்கள் ஆசை என்றால் எட்டு வாய்ஸுக்குக் கீழே போக வேண்டாம். ஒரு கையால் வாசித்து, மற்ற கையால் குமிழைத் திருப்பப்போகிறவருக்கு நான்கு தாராளம்.

4. கட்டை, பெண்ட், ஸ்ருதி

குறைந்த விலையில் முழு அளவுக் கட்டைகள் அபூர்வம். மினி கட்டை, ஸ்லிம் கட்டை, தொடுதகடு, வெறும் பட்டன் என்று நான்கு விதம் உண்டு. வோல்காவிலும் மைக்ரோஃப்ரீக்கிலும் கட்டையே கிடையாது, தகட்டைத் தொட்டால் ஒலிக்கும். மைக்ரோஃப்ரீக்கின் தகடு ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் தனித்தனியே உணரும், அது ஒரு தனி சுகம். ஆர்மோனியமோ கீபோர்டோ வாசித்துப் பழகிய கைக்கு முதல் வாரம் சங்கடமாகத்தான் இருக்கும்.

கர்நாடக சங்கீதமோ சினிமா மெட்டோ வாசிக்கப்போகிறீர்கள் என்றால் கட்டை எண்ணிக்கையை விடப் பெரிய கேள்வி, பெண்ட் இருக்கிறதா என்பதுதான். கமகம் இல்லாமல் தோடியோ பைரவியோ நிற்காது. சக்கரம், நெம்பு, தொடுபட்டை, எந்த வடிவத்தில் இருந்தாலும் சரி. விட்டவுடன் சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். பெண்டின் வீச்சு பெரும்பாலும் மேலே 2 அரைச்சுரம், கீழே 2 அரைச்சுரம் என்று வைத்து வரும். ஸ-விலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குப் போக அது சரியாக இருக்கும். பெரிய ஜாருவுக்குப் போதாது. வீச்சை மாற்ற முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். கையேடுகள் எல்லாமே தயாரிப்பாளர்களின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போர்ட்டமென்டோ அல்லது கிளைடு (ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்க வைப்பது) என்ற குமிழும் கூடவே இருந்தால் நல்லது.

அடுத்தது ஸ்ருதி மாற்றம். பாடுபவர் ஐந்து கட்டையில் பாடினால் நீங்களும் அங்கே வர வேண்டும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை ஏழு முறை தட்டினால் முடிந்தது. சில சின்ன சிந்த்களில் ஆக்டேவ் (ஸ்தாயி) பட்டன் மட்டுமே இருக்கும். டியூன் குமிழைத் திருப்பிச் சமாளிக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவையும் காதை வைத்துச் சேர்க்க வேண்டும்.

சீக்வென்சர் (பதிந்து வைத்த சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் பகுதி) உள்ள கருவி என்றால் ஸ்டெப் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 16 ஸ்டெப் ஆதி தாளத்துக்கு அப்படியே உட்காரும். மிஸ்ர சாபுக்கு 14 வேண்டும், கண்ட சாபுக்கு 10, ஆறு எண்ணிக்கையில் ஓடும் பாட்டுக்கு 12. நீளத்தை மாற்ற முடியாத சீக்வென்சர், மேற்கத்திய நடன இசையைத் தாண்டி நமக்கு அவ்வளவாக உதவாது.

5. குமிழ் அதிகம், மெனு குறைவு

முதல் கருவியைப் பொறுத்தவரை எனக்கு ஒரே பிடிவாதம்தான்: ஒரு வேலைக்கு ஒரு குமிழ் இருக்க வேண்டும். ஃபில்டர் கட்ஆஃப் (எங்கிருந்து சீவ வேண்டும் என்பது), ரெசனன்ஸ் (அந்த இடத்தைத் தூக்கிக் காட்டுவது), என்வலப்பின் நான்கு பகுதிகள் (அட்டாக், டிகே, சஸ்டெய்ன், ரிலீஸ்), எல்எஃப்ஓ வேகம், இவை எல்லாம் கண் முன்னால் தனித்தனியாக இருந்தால் கை தானாகப் பழகும். சின்னத் திரைக்குள் மெனுவுக்குள் மெனுவாக நுழைந்து மாற்ற வேண்டிய கருவியில், கேட்டதையும் செய்ததையும் மனம் இணைத்துப் பார்ப்பதற்குள் மறந்துவிடுகிறது. எஃப்எம் வகை சிந்த்கள் (ஓர் அலையால் இன்னொன்றை ஆட்டி ஒலி செய்பவை) அருமையாக ஒலிக்கும், ஆனால் முதல் கருவிக்குச் சரிவராது. ஒரு எண்ணை மாற்றினால் ஒலி எங்கே போகும் என்று ஊகிக்கவே பல மாதம் பிடிக்கும்.

"ஆயிரம் பிரீசெட்" (தயாராக உள்ள ஒலிகள்) என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குப் பதில், நீங்கள் செய்த ஒலியைச் சேமிக்க முடியுமா என்று கேளுங்கள். வோல்கா கீஸ் சீக்வென்ஸைச் சேமிக்கும். குமிழ்கள் நின்ற நிலையைச் சேமிக்காது. யமஹா ரீஃபேஸ் சிஎஸ்ஸிலும் கருவிக்குள் ஒலியைச் சேமிக்க இடம் இல்லை. வீட்டில் கற்றுக்கொள்ள இது குறையே இல்லை, தினமும் முதலிலிருந்து செய்வதால் காது நன்றாகத் தேறும். பாட்டுக்குப் பாட்டு ஒலி மாற்ற வேண்டிய மேடைக்கு மட்டும் அது உதவாது. அப்படிப்பட்ட கருவியில் பிடித்த ஒலி அமைந்தால் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், நோட்டில் எழுதுவதை விட அது வேகம்.

அனலாகா, டிஜிட்டலா என்ற சண்டைக்குள் இப்போது போக வேண்டாம். இந்த விலையில் உங்கள் காதுக்கு அந்த வித்தியாசத்தை விட நல்ல ஹெட்ஃபோன் தரும் வித்தியாசம் பெரியது.

6. பட்ஜெட்டை முழுசாகப் போடுங்கள்

கையில் உள்ள தொகை முழுவதையும் கருவிக்கே வைத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. வீட்டுக்கு வந்த பிறகு அடாப்டர் இல்லை, வயர் இல்லை, கேட்க ஸ்பீக்கர் இல்லை என்று ஆகிவிடுகிறது. நாலில் ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள். 20,000 ரூபாய் இருந்தால் 15,000-க்குள் கருவி. 30,000 இருந்தால் 22,000 முதல் 23,000 வரை.

ஒதுக்கிய பணம் முதலில் அடாப்டருக்கு, பிறகு ஹெட்ஃபோனுக்கு, அப்புறம் ஆடியோ வயருக்கு. கட்டை இல்லாத சிந்த் என்றால் கன்ட்ரோலர் விலையையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். பெரிங்கர் கிரேவ் போன்றவை மலிவாகத் தோன்றுவதற்குக் காரணமே இதுதான், வாசிக்கக் கட்டை தனியாக வாங்க வேண்டும்.

ஸ்பீக்கரை உடனே வாங்க வேண்டாம். கிடார் ஆம்ப் ஏற்கெனவே இருந்தால் ஆரம்பத்துக்குப் போட்டுக் கேட்கலாம், ஆனால் மேல்பக்கச் சத்தத்தை அது அமுக்கிவிடும். கருவியே மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். சிந்த்தின் பேஸ் சின்ன ஸ்பீக்கரைக் கிழித்துவிடும் என்பதால் ஒலி அளவைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்த பிறகுதான் அது உண்மையான விலை. ரிப்பேர் வந்தால் உள்ளூர் வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது. வெளிநாட்டில் இருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கினாலும் இதே கதைதான், கூடவே அடுத்த படியில் சொல்லும் மின்சாரப் பிரச்சினையும் வரும்.

7. மின்சாரமும் வயரும்

தவறான அடாப்டரால் முதல் நாளிலேயே கருவி எரிந்துபோகலாம். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

அடாப்டரில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். வோல்ட், கருவி கேட்பதற்குச் சரியாக இருக்க வேண்டும். 9 கேட்டால் 9தான், 12 போட்டால் சேதமாகலாம். ஆம்பியர், கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. மூன்றாவது பிளக்கின் துருவம். நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்று கருவியின் பின்புறம் ஒரு சின்னப் படம் இருக்கும். கிடார் பெடல்களுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். வோல்கா வரிசைக்கு நடுமுனை பாசிட்டிவ் வேண்டும். பிளக் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளேயும் போய்விடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் துருவம் மாற்றும் சுவிட்ச் வைத்த யுனிவர்சல் அடாப்டர் மலிவாகக் கிடைக்கிறது. அந்த சுவிட்ச் பையில் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. சிந்த்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் அடாப்டரில் '100-240' என்று இருக்கிறதா பாருங்கள். '120' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் சொருகாதீர்கள். பிளக் மாற்றி மட்டும் வாங்கிச் சொருகினால் வோல்டேஜ் குறைந்துவிடாது.

பேட்டரியில் ஓடும் கருவி மின்வெட்டுக்கு மட்டும் உதவி என்று நினைக்க வேண்டாம். மட்டமான இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் உறுமலும் பேட்டரியில் இருக்காது. வோல்கா கீஸும் ரீஃபேஸும் ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும். ரோலண்ட் எஸ்-1 உள்ளேயே சார்ஜ் ஆகும் பேட்டரியோடு வருகிறது, யுஎஸ்பி-சி வயர் போதும்.

ஆடியோ வெளியீடு பெரிய 6.35 மில்லிமீட்டர் துளையா, போன் மாதிரியான 3.5 மில்லிமீட்டரா என்று பார்த்து அதற்கேற்ற வயர் வாங்குங்கள். மிடியில் மூன்று விதம் புழங்குகிறது: பழைய ஐந்து முள் வட்ட பிளக், யுஎஸ்பி, 3.5 மில்லிமீட்டர். இந்தக் கடைசி வகையில் ஏ, பி என்று இரண்டு வயரிங் உண்டு. 2018-இல் ஏ வகை தரமாக ஏற்கப்பட்டது, அதற்கு முன் வந்த கருவிகள் சிலவற்றில் பி இருக்கும். வகை மாறினால் எதுவும் எரியாது, ஆனால் சத்தமும் வராது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம்.

யுஎஸ்பி கன்ட்ரோலரை யுஎஸ்பி சிந்த்தோடு நேராக இணைத்தால் பேசிக்கொள்ளாது. நடுவில் கணினியோ, 'ஹோஸ்ட்' வேலை செய்யும் ஒரு பெட்டியோ வேண்டும். கணினி இல்லாமல் வாசிக்க நினைப்பவர் ஐந்து முள் மிடி உள்ள கன்ட்ரோலராகப் பார்த்து வாங்க வேண்டும்.

8. இப்போதுதான் மாடல்

நோட்டைத் திறந்து பாருங்கள். வாய்ஸ் எண்ணிக்கை, கட்டை வகை, பெண்ட், சேமிப்பு, மின்சாரம், கருவிக்கான தொகை, எல்லாம் எழுதியாகிவிட்டது. அதை வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது:

மிகக் குறைந்த பட்ஜெட், மேசை மீது வைத்து ஒலியைக் கற்றுக்கொள்ள மட்டும்: கோர்க் வோல்கா கீஸ். குமிழ்கள் நேரடியானவை, சின்ன ஸ்பீக்கரும் உண்டு. இதில் அடாப்டர் தனிச் செலவு. விரல் கொழுத்தவர்களுக்கு அதன் தொடுபட்டை தொல்லை, வெளியிலிருந்து மிடி கட்டை இணைத்தால் சரியாகிவிடும்.

பையில் போட்டு எடுத்துப்போக, சீக்வென்சரோடு பாட்டு கட்ட: ரோலண்ட் எஸ்-1. நான்கு வாய்ஸ். குமிழ்கள் குட்டியானவை, இரண்டாவது வேலைகள் ஷிஃப்ட் பட்டனுக்குள் ஒளிந்திருக்கும். கட்டை என்பது பட்டன்தான்.

தனி மெட்டு, கமகம், பேஸ்: கோர்க் மோனோலாக். மோனோ, 25 ஸ்லிம் கட்டை, ஒலியைச் சேமிக்கலாம், அலையின் உருவத்தைக் காட்டும் சின்னத் திரை உண்டு. ஒவ்வொரு சுரத்தின் ஸ்தானத்தையும் நுணுக்கமாக நகர்த்தி வைக்கும் மைக்ரோடியூனிங் வசதி இதில் இருக்கிறது. ராகத்துக்கேற்ப காந்தாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்க நினைப்பவருக்கு, இந்த விலையில் இது பெரிய விஷயம்.

விதவிதமான ஒலிகளைத் தேடிப்போகிறவருக்கு: ஆர்ட்டுரியா மைக்ரோஃப்ரீக். அதன் டிஜிட்டல் ஆசிலேட்டர் வகைகளே ஒரு வருஷத்துக்கு ஓடும். தொடுதகடு பிடிக்கிறதா என்று கைவைத்துப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இரண்டு கையாலும் கார்டு வாசிக்க: யமஹா ரீஃபேஸ் சிஎஸ், எட்டு வாய்ஸ், 37 மினி கட்டை, ஸ்பீக்கர், பேட்டரி, பெண்ட் நெம்பு. புதிதாக எடுத்தால் மேற்சொன்னவற்றை விட விலை கூடும். பழையதாகத் தேடலாம்.

9. கடையில் என்ன சோதிக்க வேண்டும்?

உங்கள் சொந்த ஹெட்ஃபோனை எடுத்துப் போங்கள். கடை ஸ்பீக்கரில் எல்லாமே பிரமாதமாகத்தான் கேட்கும். ஏசி சத்தமும் பக்கத்து டிரம்ஸும் சேர்ந்தால் நுணுக்கம் எதுவும் தெரியாது.

கடைக்காரர் முதலில் பிரீசெட்களைத்தான் ஓட்டிக் காட்டுவார். கேட்டுவிட்டு, வெறும் அலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பல கருவிகளில் அதற்கு 'இனிட்' என்று பெயர். அதிலிருந்து வீட்டில் பழகிய அதே பேஸ், பேட், லீட் மூன்றையும் செய்ய முயலுங்கள். கையேடு இல்லாமல் கால் மணி நேரத்தில் இரண்டையாவது செய்ய முடிந்தால் அந்தக் கருவி உங்களோடு ஒத்துப்போகும். மென்பொருளில் பழகச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

பிறகு ரெசனன்ஸைப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டு கட்ஆஃப் குமிழை மிக மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் வழுவழுப்பாக நகர்கிறதா, படிப்படியாகத் துள்ளுகிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு அசைவுதான் நீங்கள் இனிமேல் தினமும் செய்யப்போவது.

10. பழையது வாங்கினால்

பழைய சிந்த் வாங்குவது நல்ல யோசனை. ஆர்வம் தணிந்து விற்பவர்கள் நிறைய, கருவி புதிதாகவே இருக்கும். நேரில் போய், மின்சாரம் கொடுத்து, இந்த வரிசையில் பாருங்கள்.

எல்லாக் குமிழையும் ஒருமுறை முழுக்கத் திருப்புங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி. சுத்தம் செய்தால் போகலாம், விலையைக் குறைத்துக் கேட்க இது நியாயமான காரணம். எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாகவும் பலமாகவும் அழுத்துங்கள். ஹெட்ஃபோன் பிளக்கைத் துளையிலேயே லேசாகச் சுழற்றுங்கள்; ஒரு காதில் சத்தம் போய்ப்போய் வந்தால் துளை தளர்ந்திருக்கிறது.

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்கு இது வேகமாகப் பரவும். ஸ்பிரிங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை, உள்ளே போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

அனலாக் கருவி என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் சூடாக விட்டு, போனில் டியூனர் வைத்து ஒரு சுரத்தை மூன்று ஆக்டேவிலும் ஒப்பிடுங்கள். ஆரம்பத்தில் ஸ்ருதி நகர்வது சகஜம், சூடான பிறகும் ஆக்டேவுக்கு ஆக்டேவ் விலகினால் அது பழுது. கடைசியாக ஒரு ஒலியைச் சேமித்து, அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பிறகு யுஎஸ்பியில் லேப்டாப்பை இணைத்து, கருவியின் பெயர் தெரிகிறதா பாருங்கள். அசல் அடாப்டர் இல்லை என்றால் அதன் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

11. வீட்டுக்கு வந்தபின்

முதல் வேலை, வாசிக்கத் தொடங்குவதற்கு முன், தயாரிப்பாளரின் தளத்தில் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) புதிதாக வந்திருக்கிறதா என்று பார்ப்பது. மைக்ரோஃப்ரீக் மாதிரிக் கருவிகளுக்குப் புது ஆசிலேட்டர்களே இப்படித்தான் வந்து சேர்ந்தன. புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் சிக்கல். எனவே லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள். பழைய கருவி என்றால் முந்தையவர் செய்த ஒலிகளை ஒரு நகல் எடுத்துவிட்டு, ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிடுங்கள். விசித்திரமான கோளாறுகளில் பாதி, முந்தையவர் மாற்றிவைத்த ஏதோ ஒரு அமைப்பால் வருபவை.

சத்தமே வரவில்லையா? உடனே பயப்படாமல் இந்த நான்கையும் பாருங்கள்: மொத்த ஒலி அளவுக் குமிழ், ஃபில்டர் கட்ஆஃப் (முழுக்க மூடியிருந்தால் எதுவும் கேட்காது), என்வலப்பின் சஸ்டெய்ன் (இதுவும் டிகேயும் பூஜ்யத்தில் இருந்தால் சின்ன 'டிக்' மட்டும்தான்), லோக்கல் கன்ட்ரோல் என்ற அமைப்பு. கடைசியாகச் சொன்னது அணைந்திருந்தால் கட்டைக்கும் ஒலிக்கும் தொடர்பே இருக்காது.

லேப்டாப்போடு யுஎஸ்பியும் ஆடியோ வயரும் சேர்த்து இணைக்கும்போது மெல்லிய 'ஙீ...' சத்தம் வந்தால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் கருவியில் குறை இல்லை, மின்சார எர்த் சுற்றில்தான் இருக்கிறது. பதிவு செய்யும் நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது யுஎஸ்பிக்குப் பதில் ஐந்து முள் மிடி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

முதல் மாதம் பிரீசெட் ஒன்றை எடுத்து, அதே ஒலியை வெறும் அலையிலிருந்து மறுபடி கட்டிப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். முழுதாகப் பொருந்தாது, எங்கே பொருந்தவில்லை என்று கேட்பதில்தான் கற்றல் நடக்கிறது. வாசிக்காத நேரத்தில் ஒரு பழைய வேட்டித் துணியைப் போட்டு மூடிவையுங்கள், நம் ஊர் தூசிக்குக் குமிழ்கள்தான் முதல் பலி. நீண்ட நாள் ஊருக்குப் போவதென்றால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். பில்லையும் சீரியல் எண்ணையும் போனில் படம் எடுத்து வையுங்கள், வாரண்டிக்கும் தேவைப்படும், பிறகு விற்கும்போதும் தேவைப்படும்.